நாடகத்துக்கு ஒரு பட்டப்படிப்பா?

இந்த மாதம் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே நாடகப் படிப்பைப் பற்றியவை. கல்லூரிச் சேர்க்கைக்கு முன்னால் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அக்கா, நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். எங்கள் கோயில் திருவிழாவில் வருடா வருடம் நாடகம் போடுவோம். போன வருடம் நானே எழுதி, எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து, நடிக்கவும் செய்தேன். கல்லூரியில் நாடகத்தையே பாடமாகப் படிக்கலாம் என்று பள்ளிக்கூட டீச்சர் சொன்னார். வீட்டில் நர்ஸிங் படி, இல்லையென்றால் பி.காம். படி என்கிறார்கள். "கூத்தாடவா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்" என்று அம்மா அழுகிறார். நாடகம் படித்தால் பிழைக்க முடியுமா?
*பிளஸ் டூ மாணவி, தங்கச்சிமடம்*

தங்கச்சி, உன் கடிதத்தில் "எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து" என்று ஒரு இடம் வருகிறது. அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடிக்க ஆசை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எழுதி, ஆட்களைச் சேர்த்து, வசனம் மறக்கிறவனைத் திட்டாமல் ஒத்திகை பார்த்து, மேடை ஏற்றி இறக்கிய கதையை எழுதுகிறவர்கள் குறைவு. நீ செய்தது இயக்குநரின் வேலை. அதைக் கல்லூரியில் முறையாகப் படிக்க முடியும். உன் டீச்சர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இளங்கலையிலேயே நாடகம் வேண்டும் என்றால் நமக்குக் கிட்ட இருப்பது திருச்சூர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அங்கே அரணாட்டுக்கரையில் இருக்கிறது. மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை 1977இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரரான பேராசிரியர் சே. இராமானுஜம் அதன் ஆரம்ப கால ஆசிரியர்களில் ஒருவர். பி.டி.ஏ. (பேச்சலர் ஆஃப் தியேட்டர் ஆர்ட்ஸ்) என்று அந்தப் பட்டத்துக்குப் பெயர். வடக்கே பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், கொல்கத்தாவில் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் இரண்டிலும் இளங்கலை உண்டு. தமிழ்நாட்டில் நாடகத்தை முதன்மைப் பாடமாக வைத்த இளங்கலை அரிதுதான். நான் படித்த புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை பட்டம் முடித்து வருகிறவர்களுக்கானது. டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியும் அப்படியே.

அங்கே என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று உன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பயப்படுகிறார்கள். நாள் முழுக்க வேஷம் கட்டி நடிப்பது என்று நினைத்திருப்பார்கள். காலையில் உடற்பயிற்சி, கேரளத்தில் என்றால் களரி என்ற தற்காப்புக் கலையும் சேரும். அடுத்தது குரல். நீங்களெல்லாம் காற்றுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள். படகிலிருந்து கரைக்குக் கூப்பிடும் தொண்டை உங்களுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. ரகசியம் பேசுவதுபோலப் பேசி அதைக் கடைசி வரிசைக்கும் கேட்க வைப்பதற்கு மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். அது பயிற்சியில்தான் வரும். அப்புறம் நாடக வரலாறு. பரதருடைய நாட்டிய சாஸ்திரம், கிரேக்க நாடகம், ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மனியின் பிரெக்ட் என்று போகும். ஒரு பிரதியை எடுத்து, இந்தப் பாத்திரம் இந்த இடத்தில் ஏன் வாயை மூடிக்கொண்டது என்று ஒரு மதியம் முழுக்கப் பேசுவார்கள். மீதி நேரம் பட்டறையில். ரம்பம், சுத்தியல், தையல் மெஷின், பெயிண்ட். பெண் பிள்ளைகள் ஏணியில் ஏறி விளக்கு கட்டுவார்கள்.

விளக்குதான் என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்ற பகுதியைப் பள்ளியில் பெயரளவில் கேட்டிருப்பாய். மாதவி ஆடிய மேடைக்கு அதில் அளவு கொடுத்திருக்கிறார்கள். கோல் என்ற அந்தக் கால அளவில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல், மூன்று வகைத் திரை. அதோடு விடவில்லை. தூணின் நிழல் ஆடுகிறவள் மேலும் அவையின் மேலும் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கும் நம் ஊர்த் திருவிழா மேடைகளில் மூங்கில் கம்பத்தின் நிழல் நடிகர் முகத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. சீரியல் பல்புக்கும் டியூப் லைட்டுக்கும் செலவு செய்கிறார்கள், முகம் தெரிய வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. இதைப் படித்துவிட்டு வரும் ஒரு பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தால் எத்தனை மேடை மாறும்! இன்னொன்று, நம் கரையில் உப்புக்காற்று விளக்குகளின் பித்தளை முனைகளைச் சீக்கிரமே பச்சையாக்கிவிடும். நாடகம் முடிந்த இரவே துடைத்து வைக்க வேண்டும். இந்தக் கரையில் வேலை பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

பிழைப்புக்கு வருகிறேன். நாடகம் படித்தவுடன் அரசு வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர் பணியிடம் உண்டு. நாடகத்துக்கு இல்லை. இது பெரிய குறை, நான் போகும் கூட்டங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தனியார் பள்ளிகள் நாடக ஆசிரியர்களை வைத்துக்கொள்கின்றன. மேற்படிப்பு முடித்தால் நெட் தேர்வில் நாடகத்தையும் உள்ளடக்கிய நிகழ்கலைத் தாள் இருக்கிறது, கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது வழி. சுகாதாரத் துறை, கல்வித் துறை, தொண்டு நிறுவனங்கள் கலைக்குழுக்களைக் கூப்பிடுகின்றன. ஒளி, ஒலி, மேடை நிர்வாகம் தெரிந்தவர்களுக்குச் சென்னை, பெங்களூர், கொச்சியில் வேலை இருக்கிறது. உனக்குப் பக்கத்திலேயே பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது. எழுதவும் பேசவும் தெரிந்த பிள்ளை ஒரு வானொலி நாடகத்தை அங்கே கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கலாம், படிப்பு தொடங்கும் முன்பே. ஆனால் வருமானம் ஒரே இடத்திலிருந்து மாதாமாதம் வராது. மூன்று நான்கு இடத்திலிருந்து வரும், சில மாதம் வராது. கடலை நம்பி வாழும் வீட்டில் பிறந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் நேரம் உங்கள் வீட்டுக்குக் கஷ்டமான நேரம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும், கையில் ஒன்றும் இருக்காது. விண்ணப்பமும் சேர்க்கையும் அதை ஒட்டியே வரும். ஆகவே விடுதிக் கட்டணத்தையும் சேர்த்து முதல் வருடச் செலவு எவ்வளவு என்று இப்போதே அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள். நம் சாதிச் சான்றிதழுக்கு வேறு மாநிலத்தில் பொதுவாக இட ஒதுக்கீடு கிடைக்காது என்பதையும் மனதில் வை. இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறதல்லவா? அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரைக்கும் முழுக்கத் தமிழ்வழியாக இருந்தால்தான் அது உண்டு. திருச்சூரில் பட்டம் வாங்கினால், பட்டம் கேட்கும் தேர்வுகளில் அந்தச் சலுகை உனக்கு இருக்காது. பத்தாம் வகுப்பு மட்டும் கேட்கும் தேர்வுகளில் போகாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்த பிறகும் நான் உன்னைப் போகத்தான் சொல்கிறேன். உனக்குப் பதினேழு வயது. உடம்பும் குரலும் இந்த வயதில் வளைவதுபோலப் பிறகு வளையாது. மலையாளம் ஆறு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். இடம் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதே. மதுரையிலோ ராமநாதபுரத்திலோ தமிழ் இலக்கியம் சேர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அந்த மூன்று வருடமும் ஏதாவது ஒரு நாடகக் குழுவோடு இரு, பிறகு புதுச்சேரிக்கு விண்ணப்பி. நானே அந்த வழியில் வந்தவள்தான்.

அம்மாவிடம் சண்டை போடாதே. அவருடைய பயம் இரவையும் பயணத்தையும் ஆண்களையும் பற்றியது, அதில் நியாயம் இருக்கிறது. மதுரையிலிருந்து பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூருக்கு அமிர்தா எக்ஸ்பிரஸ் நேரடியாகப் போகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை அம்மாவைக் கூட்டிப் போ. விடுதியைப் பார்க்கட்டும், அங்கே படிக்கும் பெண்களோடு பேசட்டும். நீ நூறு முறை சொல்வதைவிட, கையில் சுத்தியலோடு மேடை அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவர் ஒருமுறை பார்ப்பது பலன் தரும்.

சகோதரிக்கு, என் மகன் சென்னையில் இரண்டாம் ஆண்டு இன்ஜினீயரிங் படிக்கிறான். அதை விட்டுவிட்டு நாடகம் படித்து சினிமாவுக்குப் போகிறேன் என்கிறான். அவன் வாப்பா துபாயில் இருந்து அனுப்பும் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. எங்கள் ஊரில் நாடகம், நடிப்பு என்றால் மரியாதை இல்லை. நான் என்ன சொல்லட்டும்?
*ஒரு தாய், கீழக்கரை*

படிப்பை முடிக்கச் சொல்லுங்கள் அம்மா. நாடகத்தின் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. தேசிய நாடகப் பள்ளி ஏதாவது ஒரு பட்டத்தையும் அதோடு நாடகங்களில் வேலை செய்த அனுபவத்தையும் கேட்கிறது. முப்பது வயது வரை விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள், அவன் வாப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. அதே பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு கிளை இருக்கிறது, ஓராண்டுப் படிப்பு. இப்போது அவன் இன்ஜினீயரிங்கை விட்டால் இளங்கலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடித்தால் நேரே மேல் படிப்பு. மின்சாரமும் எலக்ட்ரானிக்ஸும் தெரிந்த நாடகக்காரன் எங்களுக்குப் பெரிய சொத்து. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகையைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இருக்கும் இரண்டு வருடத்தில் அவன் சென்னையில்தானே இருக்கிறான், சாயங்காலங்களில் ஒரு குழுவில் சேரட்டும். வசனம் கிடைக்கும் வரை தரை கூட்டட்டும், நாற்காலி அடுக்கட்டும். ஒரு வருடம் அதைச் செய்தும் ஆசை குறையவில்லை என்றால் அது உண்மையான ஆசை, அப்போது தடுக்காதீர்கள்.

சினிமாவைப் பற்றி அவனிடம் நேராகவே சொல்லுங்கள். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, கலைராணி போன்றவர்கள் திரைக்குப் போனார்கள். இதைப் பார்த்துவிட்டு நாடகத்தை சினிமாவுக்கு ஏறும் படி என்று நினைத்து வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வாய்ப்பு வரவில்லை என்றால் இரண்டாம் வருடமே வாடிப் போகிறார்கள். பசுபதி பல வருடம் மேடையிலேயே வேலை செய்தவர். நாடகத்துக்காக நாடகம் செய்தவர்களைத்தான் திரை தேடி வந்தது.

ஊர் மரியாதையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊர் வள்ளல் சீதக்காதியின் மேல் ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. கால் போன ஒரு திருடன் தன் கதையைத் தானே சொல்லி வருவதுதான் நொண்டி நாடகம். ஒற்றை ஆள் முழு நாடகத்தையும் தூக்கி நிறுத்த வேண்டும். அப்படி ஒன்றைத் தன் வள்ளலின் பேரில் பாடி வைத்திருக்கும் ஊர் கீழக்கரை. உங்கள் மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், அவன் முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.

எங்கள் மாமா குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. என் மச்சாள் அங்கே பள்ளிக்கூடத்திலேயே நாடகத்தை ஒரு பாடமாகப் படிக்கிறாள், பரீட்சை எழுதுகிறாள். இங்கே ஏன் அப்படி இல்லை?
*கல்லூரி மாணவர், மண்டபம் முகாம்*

இந்தக் கேள்வியை நம் கல்வித் துறையிடம்தான் கேட்க வேண்டும், தம்பி. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. அந்தக் கரையில் "நாடகமும் அரங்கியலும்" சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் (நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ போன்றவை) பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழிலேயே பட்டம் வரை படிக்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டு போனார். அவருடைய மாணவர் சி. மௌனகுரு அந்த வேலையை மட்டக்களப்பில் தொடர்ந்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே கூத்து வாத்தியாரும் பேராசிரியரும் ஒரே ஆடுகளத்தில் நின்றார்கள். போர்க் காலத்திலும் அந்தப் பாடம் நிற்கவில்லை. இங்கே நம் நாடகக்காரர்களில் திறமையானவர்களை சினிமா அள்ளிக்கொண்டது, பள்ளிக்கூடம் ஆண்டு விழாவோடு நிறுத்திக்கொண்டது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் போட்டி முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். உன் மச்சாளின் பாடநூல் தமிழில் இருக்கிறது. அரங்க வரலாறு, மேடை வகைகள், பாத்திர உருவாக்கம் எல்லாம் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் இருக்கும். அதையும் அவள் எழுதிய குறிப்புகளையும் படமெடுத்து அனுப்பச் சொல். நாடகம் படிக்க விரும்பும் தங்கச்சிமடம் பிள்ளைக்கும், இந்தப் பகுதியில் உள்ள மற்றவர்களுக்கும் அதைப் போல உதவும் புத்தகம் இங்கே கிடைக்காது.

அம்மா, நான் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். மாசியிலிருந்து ஆடி வரை முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் வேலை இருக்கும். என் மகன் ஐ.டி.ஐ. சேர்ந்து பாதியில் விட்டவன். இப்போது பபூன் வேஷம் கட்டுகிறான், ஜனங்கள் விரும்புகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் அவனை மறுபடி படிக்க வைத்து நாடகக் கல்லூரிக்கு அனுப்பு என்கிறார். தொழில் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு?
*ஆர்மோனியக் கலைஞர், சாயல்குடி பக்கம்*

அண்ணே, உங்கள் மகனுக்குத் தெரிந்ததை எந்தக் கல்லூரியாலும் சொல்லித் தர முடியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஒரு கூட்டத்தை உட்கார வைப்பது, ஒத்திகையே இல்லாமல் வேறு ஊரிலிருந்து அன்றைக்கு வந்து இறங்கிய கதாநாயகன் ராஜபார்ட்டோடும் கதாநாயகி ஸ்திரீபார்ட்டோடும் மேடையிலேயே முதல் முறை சந்தித்து நாடகத்தை நடத்திக் கொடுப்பது, வள்ளி திருமணத்தில் தர்க்கம் நீளும்போது எங்கே விட்டுக் கொடுக்க வேண்டும், எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அறிவது, இதையெல்லாம் பல்கலைக்கழகங்கள் வகுப்பில் வைத்து உருவாக்கப் பாடுபடுகின்றன. உங்கள் பிள்ளைக்கு அது வீட்டுப் பழக்கம்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பிள்ளைகள் வாத்தியாரோடு ஒரே இடத்தில் தங்கி, பாட்டும் வசனமும் நடையும் படித்தார்கள். நாடக நடிகர் டி.கே. சண்முகம் அங்கிருந்து வந்தவர். அதுவும் ஒரு கல்லூரிதான், பட்டம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சுவாமிகள் 1922இல் காலமாகி அடக்கமானது புதுச்சேரி கருவடிக்குப்பத்தில். அதே ஊரில் பல்கலைக்கழகம் நாடகப் படிப்பைத் தொடங்கியபோது அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கே நான் படித்த காலத்தில் அவருடைய பாட்டுகளை எங்களில் பலர் புத்தகத்தில்தான் பார்த்தோம். உங்கள் மகன் அவற்றைக் காதிலேயே வைத்திருக்கிறான்.

அப்படியானால் படிப்பு எதற்கு? அவனுடைய நாற்பதாவது வயதை நினைத்துக் கேட்கிறேன். வருடத்தில் பாதி மாதம் வேலை இல்லை. தொண்டை கட்டினால் வருமானம் இல்லை. பபூன் வேஷத்தில் பெயர் வாங்கியவனை வேறு எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஒரு படிப்பு இருந்தால் அவன் நாடகம் எழுதலாம், இயக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். தொண்டையைக் கெடுக்காமல் உச்ச சுருதியில் பாடும் முறையைக் குரல் பயிற்சியில் கற்றுக்கொள்வான். மறுபடி படிக்கத் தொடங்குவது கஷ்டம் என்றால் அவசரம் வேண்டாம். ஆடிக்குப் பிறகு மேடை ஓய்ந்த மாதங்களில், பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதத் தயாராகட்டும்.

அதற்கிடையில் ஒரு வழி இருக்கிறது. மத்தியக் கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. வயது 18இலிருந்து 25க்குள் இருக்க வேண்டும், மாதம் 5000 ரூபாய், இரண்டு வருடம். நாடகமும் அதில் உண்டு. ஒரு குருவிடம் ஐந்து வருடமாவது பயின்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவனுக்குப் பாட்டும் வேஷமும் சொல்லிக் கொடுத்த மூத்த கலைஞர் யாரோ, அவரிடம் எழுதி வாங்குங்கள், உங்கள் நடிகர் சங்கத்தில் சான்றும் கேளுங்கள்.

ஒரே ஒரு பயம் எனக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போன பிறகு தன் அப்பாவின் மேடையைப் பார்த்து வெட்கப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்பெஷல் நாடகம் என்றால் இரட்டை அர்த்தம், சத்தம் என்று அங்கே சிலர் பேசுவார்கள். அவன் போகும்போது உங்கள் பாட்டு நோட்டை நகல் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள் அண்ணே. எந்த வரிக்கு எந்த ராகம், எங்கே நீங்கள் நிறுத்துவீர்கள் என்று ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அவனுடைய ஆசிரியர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள்.

நாடகக் கல்லூரியில் சேர்க்கும்போது நடித்துக் காட்டச் சொல்வார்களாமே, என்ன செய்ய வேண்டும்? எனக்கு மிமிக்ரி நன்றாக வரும்.
*மாணவர், ராமேஸ்வரம்*

தம்பி, மிமிக்ரியை வீட்டில் வைத்துவிட்டு வா. நடிகர்களின் குரலை நீ எவ்வளவு அச்சாகச் செய்தாலும், உன் குரல் எப்படி இருக்கும் என்று தேர்வு செய்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். சினிமா வசனமும் வேண்டாம். ஒரு நாடகத்தை முழுசாகப் படித்து, அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிகிற ஒரு பகுதியை மனப்பாடம் செய். அந்த ஆள் யாரிடம் பேசுகிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். செய்து முடித்ததும், "இதையே கோபம் இல்லாமல் செய்" என்றோ "தரையில் உட்கார்ந்தபடி சொல்" என்றோ கேட்பார்கள். நீ சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொள்கிறவனா என்று பார்ப்பதற்காகத்தான். ஒரே மாதிரி செய்து பழகியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வாய், அதனால் வீட்டில் வேறு வேறு விதமாகச் செய்து பார்.

ஒரு பாட்டு தயாராக இருக்கட்டும். தாலாட்டோ, ஒப்பாரியோ, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோ, உன் வீட்டில் பாடுவது எதுவானாலும் சரி. அம்பா பாடுகிற பெரியவர்கள் உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் அவர்களிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொள். எந்த நாடகம் பார்த்தாய், அதில் என்ன பிடித்தது என்று கேட்பார்கள். "எல்லாம் நன்றாக இருந்தது" என்று சொல்லாதே. ஒரு காட்சியைச் சொல், அது ஏன் பிடித்தது என்று சொல். உடம்பு அசைய வசதியான பருத்தி உடை போட்டுக்கொள், ஜீன்ஸ் வேண்டாம்.

திருச்சூரோ வேறு எங்கோ, விண்ணப்பத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை ஏப்ரலிலிருந்தே வாரம் ஒருமுறை பார். மதிப்பெண் பட்டியலுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் நான்கு நகல் எடுத்து வை. ராமேஸ்வரத்திலிருந்து போகிறாய் என்றால் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பயணம் செய்த உடம்போடு காலையில் நடித்துக் காட்டுவது சிரமம்.